கூட்டல் மிஷினை விற்கச் சொன்ன மகனுக்கு

மெட்ராஸில் மின்சார விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு தகப்பனுக்குப் புத்தி எழுதும் மகனுக்கு, ஆம்பூரில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தகப்பன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ‘கல்யாணத்துக்கு முன்னால் அந்த மிஷினை விற்றுவிடுங்கள் அப்பா, மாமா மனசு ஆறட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். விற்க மாட்டேன். கணக்குப்பிள்ளை எப்போதும் விவரத்தை மேலே எழுதி மொத்தத்தைக் கீழே போடுவான். நான் இந்த ஒரு தடவை மொத்தத்தை மேலே போட்டுவிட்டேன். விவரம் வேண்டாமென்றால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். வைக்க மாட்டாய். ஊர்வம்பு பாதியில் நின்றால் சோறு இறங்காத குணம் உனக்கு உன் அம்மா வழியில் வரவில்லை.

இதன் பிரதி ஒன்றை நம் சபைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். “அச்சுக்கு ஆகாத வார்த்தை இருந்தா எடுத்துடுவேன்” என்றார் பாதிரி ஐயர். எடுத்தால் மிஞ்சுவது முற்றுப்புள்ளிகள்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் முழுக்க இரண்டு வருஷமாக இந்தக் கதையை ஆளுக்கொரு கை போட்டுச் சொல்லியாயிற்று. குற்றவாளி சொன்னதை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாதது ஒன்றும் இதில் இருக்கிறது. அதற்குப் பொறுமை போதாது, கொஞ்சம் மன்னிப்பும் வேண்டும்.

நானும் உன் வருங்கால மாமனார் ஞானமுத்துவும் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷமாக ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். நான் கணக்கு எழுதுகிறவன், அவர் பணம் கொடுக்கிறவர். உனக்கும் அவர் மகள் மெர்சிக்கும் கல்யாணம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யவில்லை; பெண்கள் சங்கத்தில் தையல் வேலை நடக்கும்போது உன் அம்மாவும் அவர் மனைவியும் நூலைக் கடித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். எங்களுக்குச் செய்தி மட்டும் வந்தது. கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ‘இவர்கள் விவாகத்துக்குத் தடை சொல்வோர் உண்டோ’ என்று ஐயர் கேட்க, யாரோ இருமியதைத் தவிர இரண்டு தடவையும் சத்தமில்லை. ஆனால் போன ஞாயிறு வெளியே வந்ததும் ஞானமுத்து என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

“மூணாம் ஓலைக்குள்ள அந்த மிஷின் ஆபீஸ உட்டுப் போவணும். இல்லாட்டி அடுத்த ஞாயித்துக்கெழம நானே எழுந்து தடை சொல்லுவேன்.”

“இன்னா ஞானமுத்து இது! ஒரு இரும்புப் பொட்டிக்காவ சொந்தப் பொண்ணு கல்யாணத்த நிறுத்துவியா?”

“ஒரு இரும்புப் பொட்டிக்காவ நீங்க என் ஜோபியில கை உட்டீங்களே.”

இருபது வருஷம் ‘வாய்யா போய்யா’ என்று பேசினவர் இப்போது ‘நீங்க’ என்கிறார். மரியாதை கொடுத்தே மனுஷனைக் கொல்லலாம் என்று அவரிடம்தான் பார்த்தேன். மூன்றாம் ஓலை நாளைக்கு. இன்று சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடித்து வீட்டுக்கு வந்து, காபி ஆறுவதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மிஷின் வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கடையை மூடிச் சாமான்களை ஏலம் போட்டது. நம் தோல் விற்ற பற்றுச்சீட்டு வாங்கப் போனவன், வேடிக்கை பார்க்க உள்ளே நுழைந்தேன். கறுப்பு இரும்பு, வரிசை வரிசையாக வெள்ளைப் பொத்தான்கள், பக்கத்தில் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கைப்பிடி. எண்ணை அழுத்திக் கைப்பிடியை இழுத்தால் மேலே காகிதச் சுருளில் அச்சாகிறது. பத்து எண், நூறு எண் என்று போட்டுவிட்டுக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தம் வந்து விழுகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாரக் கூலியைக் கூட்டுவதற்கே எனக்கு முழுப் பகல் போகும். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பக்கவாட்டில் பார்த்துப் பெருமூச்சு ஒரு தடவை. அந்தக் காகிதம் சுருண்டு விழுவதைப் பார்த்ததும் என் வெள்ளிக்கிழமைகளெல்லாம் திரும்பி வருவது போலிருந்தது. முதலாளி சாயபு ஒரு தம்பிடி தர மாட்டேன் என்றார். உன் அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி தந்தது. “என் கழுத்துல கெடந்தது இப்ப ஆபீஸ்ல குந்திக்கினு கணக்கு போடுது. ஒரு கல்யாணம் காட்சின்னா நான் இன்னா, அந்த மிஷின மாட்டிக்கினு போறதா?” என்று அவள் இன்றைக்கும் கேட்கிறாள். பதில் தெரிந்தால் எழுது.

ரயிலில் ஏற்றிய பெட்டி அரக்கோணத்தில் இறங்கி இரண்டு நாள் வெயில் காய்ந்துவிட்டு வந்தது. பிரித்துப் பரீட்சை பார்த்தேன். அது பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்குக்குச் செய்தது. பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். நமக்கும் பன்னிரண்டு பை சேர்ந்தால் ஓரணா. ஏழு பையும் ஐந்து பையும் போட்டு இழுத்தேன். ஓரணா என்று வந்தது. ஒரு பொருத்தம் பார்த்ததும் நிச்சயம் செய்துவிடும் அவசரக்காரன் நான். பவுனை ரூபாய் என்றும் ஷில்லிங்கை அணா என்றும் பெயர் மாற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். ஷில்லிங் இருபது சேர்ந்தால்தான் பவுன், நமக்கோ பதினாறு அணாவிலேயே ரூபாய் என்பது மிஷன் பள்ளியில் பிரம்படி வாங்கிப் படித்ததுதான். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை. ஆசை வந்தால் கணக்குப்பிள்ளைக்கும் கணக்கு வராது.

முதல் வாரக் கூலியை ஒரு மணி நேரத்தில் கூட்டி முடித்தேன். மிஷினோ இருபது அணா சேரும் வரைக்கும் ரூபாய் ஆக்காமல் காத்திருந்தது, ஆகவே மொத்தம் குறைந்துதான் வரும். பதினேழு அணா, பதினெட்டு அணா என்று விடையில் ஒரு தடவை வந்திருந்தாலும் விழித்துக்கொண்டிருப்பேன். என் கெட்ட நேரம், நாலணாவில் முடிந்தது. சாயபுவுக்குச் சீட்டைக் காட்டினதும் அவர் தாடி சிரித்தது. “இன்னா ரைட்டரே, கூலி இத்தினி கம்மி ஆயிருக்கு! மிஷின் வந்த வேளை! சபாஷ்!” நானும் சபாஷை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். செலவு குறைந்ததற்குக் காரணம் கேட்காதவர்கள் உலகத்தில் இரண்டு பேர்: முதலாளி ஒருவர், பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கும் குமாஸ்தா இன்னொருவர்.

சனிக்கிழமை அந்தச் சீட்டின்படி சாயபு பெட்டியிலிருந்து எண்ணிக் கொடுத்த பணத்தை ஞானமுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் ஆறு பேர் நிற்க, பை காலி. தோல் உலர்த்தும் முனியம்மா அந்த ஆறில் ஒருத்தி. “மிஷின் தப்பு பண்ணாது. பணம் எங்க ஞானமுத்து?” என்று கேட்டேன். நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் கோட்டுப் பையில் என் கையை விட்டேன். ஒரு பொடி டப்பி, ஒன்றரை அணா, காகிதத்தில் மடித்த ஒரு ரஸ்க். அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. மற்றப் பையிலும் விட்டேன். சாயபு அவரை விசாரணை முடியும் வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார். மூன்று வாரம் இருந்தார்.

இதுவரை ஊருக்குத் தெரியும். தெரியாதது இதுதான். அடுத்த சனிக்கிழமை ஞானமுத்து இல்லாமல் நானே ஜன்னலில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் பை முன்கூட்டியே காலியானது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் எடுக்கவில்லை என்று. வாய் திறந்திருந்தால் ஒரு வாரத்தோடு போயிருக்கும். திறக்கவில்லை. குறைந்ததை என் சட்டைப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினேன். மூன்றாவது சனிக்கிழமையும் அப்படியே. கெட்டிக்காரன் என்ற பெயரைச் சொந்தப் பணம் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரமும் ஒரு யோக்கியன் திருடன் என்ற பெயரோடு தெருவில் நடந்தான். அப்புறம் ஒருநாள் மத்தியானம், தனியாக இருந்தபோது, ஓரணா ஓரணாவாக அழுத்தி இழுத்தேன். பதினைந்து வந்தது. பதினாறு வந்தது. ரூபாய் வரவில்லை. பத்தொன்பது வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பியது. சாயபுவிடம் போய், ‘மிஷின்ல ஒரு கோளாறு’ என்றேன். ஞானமுத்துவிடமும் அதையே சொன்னேன். முதலில் மனுஷன் மேல் பழி போட்டேன், அது நிற்காதபோது இரும்பின் மேல் போட்டேன். நடுவில் நின்றவன் மேல் போட எனக்குத் தோன்றவே இல்லை. மகனே, கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவன் நீ. ‘அடுப்பு சரியில்லை, விறகு ஈரம்’ என்று ஒரு நாள் நீயும் சொல்லுவாய். சொல்லும்போது என்னை நினைத்துக்கொள்.

சரி, கூலிக்கு ஆகாத மிஷினை ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்பாய். அதைத்தான் நீயும் கேட்கவில்லை, உன் மாமனாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை! நம் பக்கத்தில் தோலை எப்படி எண்ணுகிறோம்? இருபது இருபதாக அடுக்கிக் கட்டு. இருபது தோல் ஒரு கட்டு. பெயரை மறுபடி மாற்றினேன்: ஷில்லிங் இருந்த இடத்தில் தோல், பவுன் இருந்த இடத்தில் கட்டு. பென்ஸ் வரிசைக்கு மேல் காகிதம் ஒட்டி வாயை மூடினேன். இருபதாவது தோலைப் போட்டதும் தானாகவே ஒரு கட்டு என்று ஏறுகிறது. இங்கிலாந்து ராஜாவின் பணத்துக்காகச் செய்த சாமான் ஆம்பூர் ஆட்டுத்தோலுக்கென்றே செய்தது போல உட்கார்ந்துகொண்டது. பச்சைத்தோல் கிடங்கில் ஒரு எண்ணிக்கை, சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும்போது ஒன்று, பட்டைத் தொட்டியில் ஒன்று, காய்ந்து வரும்போது ஒன்று. முன்பெல்லாம் இவற்றைச் சேர்த்துச் சரிபார்க்க மாசம் முடிந்து பத்து நாள் ஆகும். எங்கே குறைந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் குறைந்த தோல் யாருடைய காலிலோ செருப்பாகி நடந்துகொண்டிருக்கும். இப்போது அன்றன்று சாயங்காலம் விளக்கு வைக்குமுன் முடிந்துவிடுகிறது. மேல்விஷாரத்திலிருந்து தோல் முதலாளிகளான இரண்டு சாயபுமார் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, கைப்பிடியை ஆளுக்கு ஒரு தடவை இழுத்துவிட்டுப் போனார்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி அந்தக் காகிதச் சீட்டு. ஒவ்வொரு ஆளும் செய்த தோலைச் சாயங்காலம் அழுத்தி, சீட்டைக் கிழித்து அவன் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் எல்லாம் மேஸ்திரி வாயில் வந்ததுதான் கணக்கு. முனியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஒரு வாரம் மேஸ்திரி கூலிப் பட்டியலைப் படித்தபோது அவள் ஒரு கம்பி நிறையச் சீட்டு குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“நான் காய வெச்சது அம்பத்தாறு கட்டு. நீ நாப்பத்தொம்பதுங்கற. ஏழு கட்ட இன்னா காக்கா தூக்கினு பூடுச்சா?”

“ஏய், அத்த நான் வாயால எண்ணி மனசுல வெச்சிருக்கேன்!” என்றான் மேஸ்திரி.

“உன் மனசுல இருந்து இந்தக் கம்பிக்கு எறக்கி வை, பாக்கலாம்.”

நூறு பேர் சிரித்தார்கள். அந்த ஏழு கட்டும் அன்றைக்கே ஏறியது. இந்த மிஷின் போய்விட்டால் திங்கட்கிழமையே கணக்கு மறுபடி மேஸ்திரி மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘மாமா மனசு ஆறட்டும்’ என்று எழுதினாயே, முனியம்மாவின் கம்பியை எந்த ஆணியில் மாட்டுவது? உன் கல்யாணச் சாப்பாட்டுக்காக அவள் கூலியில் வரி போடும் உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஐம்பது வயசை நெருங்கும் கிழவன் புதுச் சாமானைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறான், ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்யும் பிள்ளை அதை வேண்டாம் என்கிறான். உலகம் தலைகீழாக நிற்கிறது என்று ஐயர் சிரித்தார். நிற்கட்டும்.

ஆனால் வேப்பமரத்தடியில் உன் மாமனார் சொன்னதில் பாதியைத்தான் மேலே எழுதினேன். மீதிப் பாதி இது: “குத்தம் மிஷினோடதுன்னு ஊருக்கெல்லாம் நீங்கதான சொன்னீங்க? சந்தேகத்துக்கே என்ன மூணு வாரம் ஊட்டுல குந்த வெச்சீங்க. குத்தம் செஞ்சதுன்னு தெரிஞ்ச மிஷின இன்னும் மேஜை மேல வெச்சித் தொடைக்கிறீங்க. எனக்கு ஒரு நாயம், அதுக்கு ஒரு நாயமா?”

ஆறு நாளாக இதற்குப் பதில் தேடினேன். அந்த ஆள் வாதம் பேசப் போயிருந்தால் வேலூர்க் கோர்ட்டில் வக்கீல்களுக்கெல்லாம் பிழைப்புப் போயிருக்கும். நான் சொன்ன பொய் உண்மையாக இருக்கும் வரை அவர் கேட்பது நியாயம். மிஷினைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது, அது எனக்குப் பிடிக்காத வழி.

இன்று மத்தியானம் சம்பள ஜன்னலுக்கு முன் ஆட்கள் வரிசையில் நின்றதும், நான் உள்ளே உட்காராமல் வெளியே வந்து படியில் ஏறி நின்றேன். ஞானமுத்து பணப் பையோடு ஜன்னலில் இருந்தார். சாயபு உள்ளே ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி இதே எடத்துல ஞானமுத்து ஜோபியில கை உட்டேன். அவரு எடுக்கல. தப்பா கூட்டனது நான். அடுத்த வாரமே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன். அப்பறம் மிஷின் கெட்டுப்போச்சின்னு சொன்னேன். மிஷின் கெடல. அதுக்கு இன்னா தெரியுமோ அத்த ஒழுங்கா செஞ்சிது.”

முனியம்மாதான் முதலில் பேசினாள். அவளுக்கு எல்லாரும் ‘நீ’தான், கலெக்டர் வந்தாலும். “இது எங்களுக்கு அப்பவே தெரியும் கணக்குப்பிள்ளே. உன் ஜோபியிலேருந்து எடுத்து எடுத்து குடுத்தியே, எந்த ஊர்ல கணக்குப்பிள்ளை சொந்தக் காசுல கூலி குடுப்பான்? உனக்குத்தான் தெரிய இத்தினி நாளாச்சி.”

இரண்டு வருஷம் மூடி வைத்த ரகசியத்துக்கு மூடியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கம் தாங்காமல் மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். “அன்னிக்கு அவருக்கு மூணு வாரம். இப்ப குத்தவாளி நான். எனக்கும் சம்பளம் இல்லாம மூணு வாரம், திங்கக்கெழமையிலேருந்து. மிஷின் இங்கதான் இருக்கும்.”

சாயபு ஹூக்காவை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். “இன்னா ரைட்டரே, பேஜாரு பண்றே! கப்பலுக்கு தோல் போற நேரம், மூணு வாரம் கணக்க யார் பாக்கறது?”

வரிசை மொத்தமும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. “நானா?” என்றார் ஞானமுத்து. “அந்தச் சனியன நான் தொட மாட்டேன். மனக்கணக்கா வேணா போடறேன்.”

“அப்ப எங்க சீட்டு?” என்றாள் முனியம்மா. “நீ நல்லவந்தான் சாமி. மேஸ்திரியும் மனசுலதான் வெச்சிருந்தான். சீட்டு இல்லன்னா திங்கக்கெழம ஒரு தோல் காயாது.”

பின்னால் இருந்த ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். சீட்டு, சீட்டு என்று ஒரே சத்தம். சம்பளம் முடிந்த பிறகு ஞானமுத்து மிஷினுக்கு முன்னால் வந்து, பாம்புக்கு முன்னால் உட்காருவது போல் உட்கார்ந்தார். நான் வாய் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அது இரண்டாவது. இன்றைய உலர்த்தல் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக அழுத்தினார். கைப்பிடியை இழுத்தார். சீட்டைக் கிழிக்குமுன் கண்ணை மூடி உதட்டை அசைத்து மனக்கணக்காகவே கூட்டினார். சீட்டைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடினார். மறுபடி பார்த்தார்.

“அடுத்தது சொல்லுங்க” என்றார்.

ஏழு பட்டியல் போட்டார். ஒவ்வொன்றிலும் அடியில் தன் பெயரைப் பென்சிலால் எழுதினார். ஏன் என்று கேட்டேன். “கூட்டனது யாருன்னு தெரியணும். நாளைக்கு எவனாவது மிஷின் கூட்டிச்சின்னு சொல்லிடக் கூடாது.” இதை நான் இரண்டு வருஷத்துக்கு முன் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன்: “நாளைக்கு மூணாம் ஓலை…”

“நாளைக்கு கோயில்ல எழுந்து பேச எனக்கு ஏது நேரம்? திங்கக்கெழமைக்குள்ள பச்சத்தோல் கணக்கு எப்படிப் போடறதுன்னு நீங்க எனக்குச் சொல்லித் தரணும். ஆராதன முடிஞ்சதும் ஊட்டுக்கு வாங்க.” இன்னும் ‘நீங்க’தான். அது இறங்க நாளாகும், இறங்காமலும் போகலாம். ரஸ்க் இருந்த பைக்குள் கை விட்டவன் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே மகனே, மூன்று வாரம் எனக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை. பந்தல் போடுவதையும் சமையல்காரனோடு சண்டை போடுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். சங்கிலி இல்லாமல் எப்படி மணமேடைக்கு வருவது என்று உன் அம்மா கேட்டால், நீதான் ஏதாவது சொல்ல வேண்டும், என் கைவசம் இருந்த சமாதானமெல்லாம் இன்று மத்தியானமே செலவாகிவிட்டது. மிஷினுக்கு மேல் போடும் தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியை உன் மாமனார் அரைஞாணில் முடிந்துகொண்டு போனார். அதை விற்க வேண்டும் என்று உனக்கு இன்னும் தோன்றினால், அடுத்த கடிதத்தை அவர் விலாசத்துக்கு எழுது.